தியானம், கருணை பற்றிய ஆய்வுகளுக்கு யார் பணம் தருகிறார்கள்? மத அமைப்புகள்தானா?

மத அமைப்புகள் மட்டும் இல்லை. ஆனால் தொடக்கம் நன்கொடைதான்.

1987-இல் தர்மசாலாவில் தலாய் லாமாவுடன் விஞ்ஞானிகள் சிலர் உட்கார்ந்து பேசினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் மைண்ட் அண்ட் லைஃப் நிறுவனம். அதன் நிறுவனர்களில் ஒருவரான நரம்பியலாளர் பிரான்சிஸ்கோ வரேலாவின் பெயரில் 2004 முதல் ஆய்வாளர்களுக்குச் சிறு நிதி தருகிறார்கள். சின்னத் தொகைதானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். அரசு நிதி கேட்டுப் போனால் "முதற்கட்டத் தரவு எங்கே?" என்பார்கள். அதைத் திரட்ட இந்தப் பணம் உதவும். பிறகு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கதவைத் தட்டலாம்.

ஸ்டான்ஃபோர்டின் கருணை ஆய்வு மையத்துக்குத் தலாய் லாமாவே 1,50,000 டாலர் கொடுத்தார்.

ஜெர்மனியில் நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கர் நடத்திய ரீசோர்ஸ் திட்டம் வேறு ரகம். ஐரோப்பிய ஆய்வுக் குழுவும் மேக்ஸ் பிளாங்க் கழகமும் கொடுத்த பொதுப்பணம். சுமார் 300 பேர், மாதக்கணக்கில் பயிற்சி. கவனம், கருணை, பிறர் மனத்தை அறிதல் என மூன்றையும் தனித்தனியாகப் பயிற்றுவித்து, எது எதை மாற்றுகிறது என்று அளந்தார்கள். நன்கொடைக் காசில் இதெல்லாம் நடக்காது.

கொடுப்பவரும் ஆய்பவரும் தியானப் பிரியர்களாக இருந்தால் முடிவு சாயாதா? சாயலாம். அதனால் ஒப்பீட்டுக் குழு இருந்ததா, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்தார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். நன்கொடையாளர் பட்டியலை அப்புறம்தான்.