கட்டட மண் கிடக்கும் கொல்லைப்புறம்: கையில் உள்ள பணத்துக்கு எது முதலில்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 30 அடிக்கு 20 அடி இடம் இருக்கிறது. வீடு கட்டி இரண்டு வருடம் ஆகிறது. மழை பெய்தால் பாதி இடத்தில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. வைத்த எலுமிச்சை மஞ்சளடித்துப் போய் வளராமல் நிற்கிறது. கீரை விதைத்தால் இரண்டு அங்குலத்தோடு சரி. மகன் புல்தரை போடலாம் என்கிறான், மனைவி காய்கறிதான் வேண்டும் என்கிறார். இப்போது கையில் பணம் இல்லை. ஆறு மாதத்தில் கொஞ்சம் வரும், அடுத்த வருடம் நன்றாகவே செலவு செய்யலாம். எந்தக் கட்டத்தில் எதைச் செய்வது?

பதில்: வணக்கம். நீங்கள் அனுப்பிய எலுமிச்சை இலைப் படத்தை முதலில் பார்த்தேன். கொழுந்து இலை வெளுத்திருக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாக வலை பின்னியதுபோல் தெரிகிறது. அடியில் உள்ள பழைய இலை நன்றாகவே இருக்கிறது. தழைச்சத்துக் குறை என்றால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறை. யாராவது யூரியா போடச் சொன்னால் கேட்காதீர்கள். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கட்டட வேலையில் சிந்திய சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. தண்ணீர் தேங்குவது அதை இன்னும் மோசமாக்குகிறது.

இதைச் சரிபார்க்கச் செலவே இல்லை. ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணைத் தட்டில் போட்டு, சமையலறையில் உள்ள வினிகரைச் சில சொட்டு விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நான்கைந்து இடத்தில் மண் எடுத்துப் பாருங்கள். சாந்து கலக்கிய மூலை எது என்று மண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்து கடப்பாரையை எடுங்கள். ஒரு நல்ல மழைக்கு மறுநாள், தண்ணீர் நிற்கும் பக்கத்தில் குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழம் வரை இறங்கி, டங்கென்று நின்றால், வீடு கட்டும்போது வண்டி ஏறி இறங்கி இறுகிய அடுக்கு அங்கே இருக்கிறது. கீரை வேர் அதைத் துளைக்காது, தண்ணீரும் கீழே போகாது. உங்கள் இரண்டு பிரச்சினைக்கும் வேர் அங்கேதான் என்பது என் கணிப்பு. மகன் சொல்லும் புல்தரையை இதன் மேல் விரித்தால் ஒரே மழைக்காலத்தில் அழுகிவிடும். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சரி, பணமே இல்லாத இந்த ஆறு மாதத்துக்கு வருவோம். மூன்று கட்டத்திலும் இதுதான் முக்கியமானது. மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது, 4 அடி அகலத்துக்குப் பாத்தி குறித்துக்கொண்டு ஒன்றரை சாண் ஆழம் கிளறுங்கள். மண்ணைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். கடப்பாரையால் நெம்பி விட்டால் போதும். சேறாக இருக்கும்போது மட்டும் இறங்காதீர்கள், காய்ந்ததும் கல்லாகிவிடும். 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம் என்பதற்குக் காரணம் நம் கைதான். இரண்டு பக்கமும் நின்று நடுவை எட்ட முடிந்தால் பாத்திக்குள் கால் வைக்க வேண்டியதே இல்லை. கால் படாத மண் மறுபடி இறுகாது.

கிளறும்போது வரும் செங்கல் துண்டையும் காரைக்கட்டியையும் தூக்கி எறியாதீர்கள். பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி நடைபாதைக்கு அதையே அடியில் கொட்டுங்கள். மழையில் செருப்பில் சேறு ஒட்டாது.

கூடவே மட்குக் குவியலைத் தொடங்குங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடி இருக்கட்டும். அதைவிடச் சிறிதாக இருந்தால் உள்ளே சூடு பிடிக்காது. காய்ந்த சருகு மூன்று கூடைக்கு, பச்சையான கழிவு ஒரு கூடை. உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகைக் கூட்டுங்கள், பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசம் வரும். 27 கன அடிக் குவியல் மட்கிய பின் பாதியாகக் குறையும். 10 அடி நீளப் பாத்தியில் 2 அங்குலம் பரப்ப ஏறக்குறைய 7 கன அடி போதும் என்பதால், ஒரு குவியல் இரண்டு பாத்திக்கு வரும். பக்கத்து வீட்டார் கூட்டி எரிக்கும் சருகைக் கேட்டு வாங்குங்கள். யாரும் தர மாட்டேன் என்று சொல்வதில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் காலை, நண்பகல், மாலை என்று மூன்று தடவை நிழல் எங்கே விழுகிறது என்று தாளில் வரைந்து வையுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்க்கும் பயிருக்கு 6 முதல் 8 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரைக்கு 4 மணி நேரம் கிடைத்தாலும் சமாளிக்கும். மனைவியின் காய்கறி எந்தப் பக்கம் என்பதை இந்தத் தாளே முடிவு செய்துவிடும்.

கொஞ்சம் பணம் வந்ததும் முதலில் வாங்க வேண்டியது விதை. காய்கறி விதைகூட அப்புறம்தான், முதலில் தட்டைப்பயறு. கிளறிய இடம் முழுக்க நெருக்கமாகத் தூவிவிட்டு, பூக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு இருக்கும். நகத்தால் ஒன்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. பூவோடு அறுத்து அதே இடத்தில் மடக்கிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் மட்க விட்டுத்தான் நாற்று நட வேண்டும்.

எலுமிச்சைக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அன்றன்றே கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையில் தெளிக்க வேண்டும். சுவரிலும் தரையிலும் படாமல் பாருங்கள், துருக்கறை போகவே போகாது. புதுக் கொழுந்து பச்சையாக வரும். ஆனால் இது தற்காலிகம்தான். வடிகால் சரியாகாவிட்டால் அடுத்த துளிரில் மறுபடி வெளுக்கும்.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, ஒரு வண்டி மண் வாங்கிக் கொட்டுவது. நானும் செய்தேன். செக்கச்செவேலென்று பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் வாரமே கோரை தலை காட்டியது. மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிழங்காக வந்திருக்கிறது. மேலே பிடுங்கப் பிடுங்கக் கீழேயுள்ள கிழங்கு முளைத்துக்கொண்டே இருந்தது. நான்கு வருடம் பிடுங்கினேன். வாங்கத்தான் வேண்டும் என்றால், இறக்குமுன் ஒரு தொட்டி நிறைய எடுத்து வந்து, தண்ணீர் விட்டு மூன்று வாரம் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வினிகரில் கடுமையாக நுரைத்த மூலைக்கு மட்டும் வெளிமண் நியாயம். அங்கே ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி கட்டிவிடலாம்.

அடுத்த வருடப் பெரிய பணத்தை முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். அதாவது, வெளியேற்றுவதிலும் பிடித்து வைப்பதிலும். தேங்கும் பகுதியிலிருந்து இடத்தின் தாழ்ந்த ஓரத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்து, துளைக் குழாய் பதித்து ஜல்லி நிரப்பச் சொல்லுங்கள். 100 அடிக்கு ஓர் அடி சரிவு போதும். உங்கள் 30 அடி நீளத்துக்கு 4 அங்குலத்துக்கும் குறைவுதான். வாய்க்கால் போய் முடியும் இடத்தில், தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஓர் உறிஞ்சுகுழி வேண்டும். அது வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும், பக்கத்து வீட்டு மதிலுக்கு அடியில் போய் முடிய வேண்டாம்.

கூரைத் தண்ணீரையும் விடாதீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கே, சிந்தியது சிதறியது போகக் குறைந்தது 700 லிட்டராவது தொட்டிக்கு வரும். இப்போது அந்தத் தண்ணீரும் கொல்லையில்தான் விழுகிறது என்றால், தேக்கத்துக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அதைத் திருப்பிவிட்டாலே வாய்க்கால் செலவு மிச்சமாகவும் கூடும்.

சொட்டுநீர் அமைப்பு, நிழல்வலை எல்லாம் அதற்குப் பிறகுதான். பணம் மிஞ்சினால் மகனுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். வடிகால் முடிந்த பக்கம், 10 அடிக்கு 8 அடி புல் போதும், அதுவும் வெயில் உள்ள பக்கம். எலுமிச்சையை இப்போதைக்கு இடம் மாற்றாதீர்கள். தூரைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டு 3 அங்குலம் சருகு மூடாக்குப் போட்டு வையுங்கள். வினிகர் எந்த மூலையில் நுரைத்தது, கடப்பாரை எத்தனை அங்குலத்தில் நின்றது என்பதை எழுதி அனுப்புங்கள். மேட்டுப்பாத்தி எத்தனை வேண்டும் என்று அப்போது கணக்குப் போடலாம்.