கம்மலும் அசனமும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறிய சபையில் இருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். என் தங்கை ஞானஸ்நானம் எடுக்க விரும்பிப் பாஸ்டரைப் பார்க்கப் போனாள். கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றிவிட்டு வந்தால்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். கழற்ற அவளுக்குத் தயக்கமில்லை. ஆனால், "கழற்றாவிட்டால் நான் இயேசுவின் பிள்ளை இல்லையா அண்ணா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாஸ்டர் பேதுருவின் நிருபத்தைக் காட்டுகிறார்.

விசுவாசத்தின் ஆதாரமானவற்றில் உறுதியாக இருந்து, மற்றவற்றை அவரவர் மனசாட்சிக்கு விட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எது ஆதாரமானது என்று யார் தீர்மானிப்பது? எல்லாமே வேதத்தில்தானே இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டு விழா அசனத்துக்கு, அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, கீழத்தெருச் சகோதரிகள் சமைத்தால், சில குடும்பங்கள் ஆராதனை முடிந்ததும் கைகூட நனைக்காமல் வீட்டுக்குப் போய்விடுகின்றன. இதற்கு மட்டும் யாரும் வசனம் காட்டுவதில்லை. நீங்கள் பதில் எழுதினால் என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரருக்கு,

பாஸ்டர் காட்டும் வசனத்தை அவர் நிறுத்தும் இடத்தோடு நிறுத்தாமல் வாசியுங்கள். "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு" என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறார் பேதுரு (1 பேதுரு 3:3). பின்னலை அவிழ்த்துவிட்டு வா என்று எந்தப் பெண்ணையும் ஞானஸ்நானத் தொட்டிக்கரையிலிருந்து திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பட்டுப் புடவை மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொற்காதணி கொடுத்ததும் இதே வேதத்தில்தான் இருக்கிறது. திரும்பி வந்த இளைய குமாரனின் கைக்கு மோதிரம் போடச் சொன்ன தகப்பனைப் பற்றிச் சொன்னவர் இயேசுவேதான்.

வசனத்துக்கு வசனம் வைத்து வாதாடினால் இதற்கு முடிவே இருக்காது. யாக்கோபு காதணிகளைக் கர்வாலி மரத்தின்கீழ்ப் புதைத்தாரே என்று பாஸ்டர் தொடங்குவார், நீங்கள் இன்னொன்றை எடுப்பீர்கள். நீங்கள் கேட்பது வேறு. வேதத்தில் உள்ள ஆயிரம் விஷயங்களில் எதற்காக விட்டுக்கொடுக்காமல் நிற்பது, எதை விட்டுக்கொடுப்பது? இதே சிக்கலில் பவுல் இரண்டு முறை மாட்டினார். இரண்டு முறையும் நேரெதிராக முடிவெடுத்தார்.

தீமோத்தேயுவுக்கு யூதத் தாய், கிரேக்கத் தகப்பன். அவரை ஊழியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, அந்தப் பகுதியில் இருந்த யூதர்களினிமித்தம் பவுல் அவருக்கு விருத்தசேதனம் என்ற யூதச் சடங்கைச் செய்வித்தார் (அப்போஸ்தலர் 16:3). கிரேக்கரான தீத்து என்ற உடன் ஊழியர் விஷயத்தில் மறுத்துவிட்டார். "சுவிசேஷத்தின் சத்தியம் உங்களிடத்திலே நிலைத்திருக்கும்படி, நாங்கள் ஒரு நாழிகையாகிலும் அவர்களுக்குக் கீழ்ப்பட்டு இணங்கவில்லை" என்று கலாத்தியருக்கு எழுதுகிறார் (2:5). சடங்கு ஒன்றுதான், செய்யச் சொன்னவரும் மறுத்தவரும் ஒருவர்தான். முதல் சம்பவத்தில் அது ஊழியத்துக்கு ஒரு வசதி. இரண்டாவதில், "விருத்தசேதனமடையாவிட்டால், இரட்சிக்கப்படமாட்டீர்கள்" என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டமே அலைந்தது. கிறிஸ்து போதாது, இதுவும் வேண்டும் என்று ஒரு வழக்கத்தை வாசலில் நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்திய பிறகு அதற்கு இணங்குவது சுவிசேஷத்தையே விட்டுக்கொடுப்பது ஆகிவிடும்.

ஆகவே ஒரு காரியம் பெரிதா சிறிதா என்று அளந்து பார்க்காதீர்கள். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதைத்தான் பவுல் பிரதானமாக ஒப்புவித்ததாகச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 15:3, 4). அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் எதையும் எழுப்பிவிட வேண்டும், அது நல்ல பழக்கமாகவே இருந்தாலும்.

நல்ல பழக்கம் என்று சொன்னதை மனதறிந்தே சொன்னேன். பவுன் கணக்கில் பெண்ணின் விலை பேசப்படும் நாட்டில், எங்களுக்கு நகையே வேண்டாம் என்று கழற்றி வைத்த தலைமுறையின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஏழைப் பெண்ணும் பணக்காரப் பெண்ணும் ஒரே பாயில் வெறும் காதோடு உட்கார்ந்தது சாதாரணக் காரியமில்லை. அந்தப் பழக்கம் பின்னாளில் நுழைவுச் சீட்டாக மாறியதுதான் கோளாறு. இன்று காதில் பொட்டுத் தங்கம் இல்லாத வீடுகளும் கல்யாணத்தின்போது ரொக்கமாகவும் மனையாகவும் காராகவும் வாங்கிக்கொள்கின்றன. கம்மலைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அது தெரிவதில்லை.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் தலையாய விஷயமாகப் படுகிறது.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை ஐந்தாம் வசனத்தோடு மூடிவிடாதீர்கள். பேதுரு அந்தியோகியாவுக்கு வருகிறார், யூதரல்லாத புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். அவர் உபதேசத்தில் எதையும் மாற்றவில்லை. பந்தியிலிருந்து எழுந்துகொண்டார், அவ்வளவுதான். பவுல் அதை, "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாதது" என்கிறார், எல்லாருக்கும் முன்பாகவே கண்டிக்கிறார். தீத்து விஷயத்தில் எந்தச் சத்தியத்துக்காக நின்றாரோ, அதே சத்தியம்தான் சாப்பாட்டிலும் அடங்கியிருக்கிறது என்பது அவர் கணக்கு. கிறிஸ்து ஏற்றுக்கொண்டவனோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தால், கிறிஸ்து போதாது, பிறப்பும் வேண்டும் என்று சொன்னதாகத்தானே ஆகிறது?

நம் சபைகள் இதை நெடுங்காலம் உலக வழக்கம் என்று ஒதுக்கி வைத்திருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து அகற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்தவர்களின் பக்கம் இருந்தார். சிலுவையை அவ்வளவு அழகாகப் பாடியவருக்கும் இது சிலுவையைத் தொடும் காரியமாகப் படவில்லை என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு நீண்ட கூடங்கள் கவட்டையாகப் பிரிந்து, ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒரு சாதிக்கு ஒரு கூடம், இடையில் சுவர். குருவானவர் இரு பக்கத்துக்கும் பொதுவாக நின்று பூசை வைப்பார், இரு பக்கத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பீடத்தில் சொல்லப்பட்ட விசுவாசப் பிரமாணத்தில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. 1910இல் கௌசானல் என்ற குருவானவர் அந்தச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

தங்கை விஷயத்தில் என் யோசனை இது. அவளாக மனம் உவந்து கழற்றினால் தடுக்காதீர்கள், அது அவளுக்கும் கர்த்தருக்கும் இடையே உள்ளது. ஆனால் பாஸ்டரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: இன்று இரவு அவள் கம்மலோடு மரித்தால் இரட்சிக்கப்பட்டவளா, இல்லையா? ஆம் என்றால், இரட்சிக்கப்பட்டவளுக்குத் தண்ணீரை மறுக்க நாம் யார்? "எனக்குத் தடையென்ன" என்று கேட்ட எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு விசுவாசத்தை மட்டும்தான் கேட்டார். இல்லை என்றால், உங்கள் சபையில் என்ன பிரசங்கிக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது வேறு சபை தேடுவது தவறில்லை.

அசனத்துக்கு யார் அனுமதியும் வேண்டாம். அடுத்த முறை நீங்களும் வீட்டாரும் முதல் பந்தியிலேயே உட்காருங்கள், முடிந்தால் காய் நறுக்கும்போதே போய்விடுங்கள். அதற்கு முன் ஞாயிறு பள்ளியில் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை நடத்திவிடுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "நாம் ஏன் அங்கே சாப்பிடவில்லை?" என்று கேட்பார்கள். அந்த வாரமே பெற்றோர் சிலர் உங்களைத் தேடி வருவார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.