தடுப்பூசி பற்றிப் பேசுவதற்கு ஆடியோ பாடம் உதவுமா?

கிளினிக்கில் வேலை செய்பவர்கள் தடுப்பூசி பற்றி நன்றாகப் பேசுவதற்கு ஆடியோ பாடங்கள் உண்மையிலேயே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். நீங்களும் வரிசை நீளும் இடத்தில்தான் வேலை செய்வீர்கள் என்று நினைக்கிறேன். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துப் பக்கம் சாட்ஸ்வர்த்தில் நர்ஸ். வேலைக்குப் போகும் வழியில் இந்தப் பாடங்களைக் கேட்பேன்.

இங்கே தட்டம்மை ஊசி 6 மாதத்திலும் 12 மாதத்திலும். ஒரு வயதுப் பேரனோடு ஓர் ஆயா வந்தார். "இன்னைக்குப் பிள்ளைக்கு அம்மை ஊசி, ஆயா" என்றேன். 'போடலாமா?' என்று இழுக்காமல் இப்படி இயல்பாகத் தொடங்கச் சொல்கிறது பாடம். ஆயா பிள்ளையை இறுக்கிக்கொண்டார். "வேண்டாம்மா, மாரியம்மா கோவிச்சுக்குவா." அம்மனுக்குக் கஞ்சி படைக்கும் கஞ்சி பூஜை நெருங்கிய நேரம் வேறு.

பலர் இந்த இடத்தில் மூடநம்பிக்கை என்று அதட்டுவார்கள். நான், "ஊசி போட்டா அம்மனுக்கு மரியாதைக் குறைவாயிடுமோன்னு பயப்படுறீங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். 'பொறுமையாகக் கேளுங்கள்' என்று புத்தகத்திலும் இருக்கும். எவ்வளவு நேரம் பொறுப்பது, எந்தக் குரலில் பேசுவது என்பது காதால் கேட்டால்தான் பிடிபடும். ஆயா தானாகவே பேச ஆரம்பித்தார், சின்ன வயதில் அம்மையில் போன தம்பி வரைக்கும். அப்புறம், "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். தட்டம்மை வந்தவர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும் என்றேன். ஊசி போட்டாலும் மஞ்சள் தண்ணீர், இங்கே வேப்பிலைக்குப் பதிலாக வைக்கும் சிரிங்கா இலை எல்லாம் வழக்கம்போல் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். பேரனுக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் போனார். எனக்கு அதில் இன்றும் பெருமைதான்.

ஓர் ஆயாவை வைத்து எப்படி முடிவு கட்டலாம் என்று யாராவது வருவார்கள். ஆடியோ மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. நடுவில் நிறுத்தி, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழக வேண்டும். இப்படிப் பேசுவது ஆளை மடக்கும் வித்தையும் இல்லை. வில்லியம் மில்லர் குடிநோயாளிகளுக்காக 1983-இல் எழுதிய மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங், அதாவது ஆளையே பேசவிட்டு அவர் மனதிலிருந்தே காரணத்தை வரவைக்கும் முறையிலிருந்து வந்தது, முடிவு நோயாளியுடையதுதான்.

என் ஆத்திரம் வேறு. பயிற்சி எடு என்கிறார்கள், டேட்டா எங்கள் காசு. டேட்டா விலையைக் குறைக்கச் சொல்லி 2016-லேயே இந்த நாட்டில் அத்தனை சத்தம் எழுந்தது. இன்னும் மாத நடுவிலேயே எனக்குத் தீர்ந்துவிடுகிறது. நர்ஸ் சம்பளத்தில் இதையும் தாங்க வேண்டுமா? வைஃபை கிடைக்கும் இடத்தில் பாடங்களை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.