நிலம் திரும்பியதா, துருவம் நகர்ந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பான் ஆசியக் கண்டத்திலிருந்து பிரிந்து திரும்பியது, அதற்கு எரிமலைப் பாறைகளின் காந்தமே சாட்சி என்று எழுதியிருந்தீர்கள். பாறையின் காந்தம் வடக்கைக் காட்டாவிட்டால், அன்று துருவமே வேறு இடத்தில் இருந்திருக்கலாம் அல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

கேட்க வேண்டிய கேள்விதான் இது. ஒரு பாறையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

எரிமலைக் குழம்பு இறுகி, ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறியதும், அதிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துகள்கள் அன்றைய புவிக்காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் நிலம் திரும்பினால் அந்தத் திசையும் கூடவே திரும்பும். தென்மேற்கு ஜப்பானில் சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகள் வடகிழக்கைக் காட்டுகின்றன. வடகிழக்கு ஜப்பானின் பழைய பாறைகளோ வடமேற்கைக் காட்டுகின்றன. ஒரே துருவம் ஜப்பானின் மிகப் பெரிய தீவான ஹொன்ஷூவின் ஒரு பாதிக்கு வலப்பக்கமும் மறு பாதிக்கு இடப்பக்கமும் எப்படி இருக்கும்? ஆகவே நிலம்தான் திரும்பியிருக்கிறது. 1985-ல் ஒதோஃபுஜியும் உடன் ஆய்வாளர்களும் வந்து சேர்ந்த முடிவு இதுதான். ஜப்பானியர் இதைக் ‘கன்னோன் பிராகி’ என்பார்கள். கன்னோன் தெய்வத்தின் மாடத்துக்குப் போடும் இரட்டைக் கதவு திறப்பது போல. கதவு திறந்த இடத்தில் இருப்பது ஜப்பான் கடல்.

அந்தத் திசையை அளப்பது லேசான வேலை இல்லை. பாறையில் இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவில் துளையிட்டு, உருளையாக ஒரு துண்டை எடுப்பார்கள். உடைத்து எடுப்பதற்கு முன்பே அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அதன்மேல் கோடு போட்டுவிட வேண்டும். இதற்குச் சாதாரணத் திசைகாட்டியை மட்டும் நம்ப முடியாது, பாறையே முள்ளை இழுக்கும். அதனால் ஒரு சிறு குச்சியின் நிழலையும் அந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, சூரியனை வைத்துத் திசையைக் கணக்கிடுகிறார்கள். இடி விழுந்த பாறை என்றால் பழைய காந்தம் அழிந்திருக்கக்கூடும். எரிமலைக் குழம்பின் ஓர் ஓட்டம் ஆறிய அந்தச் சில நாட்களின் திசையைத்தான் வைத்திருக்கும். காந்தப் புலமோ ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பது. எனவே ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பல ஓட்டங்களின் சராசரி வேண்டும். ஓர் ஓட்டத்தை மட்டும் காட்டி இவ்வளவு டிகிரி திரும்பியது என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

கதவு உவமையையும் ஓரளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பாதிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. வடகிழக்கில் இடத்துக்கு இடம் கோணம் மாறுகிறது. அந்தப் பாதி ஒரே பலகையாகத் திரும்பாமல் பல துண்டுகளாக உடைந்து திரும்பியது என்பவர்கள் பக்கமே நான் இருக்கிறேன்.