ரம் டின்: கேள்வி பதில்

ரம் டின் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் தருகிறேன் என்று சொன்னபடி வந்துவிட்டேன். ஆறு ஆண்டுகள் பார் கவுன்ட்டரில் நின்றேன். பதினோரு ஆண்டுகளாக டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஒரு மதுக்கடையில் நிற்கிறேன். இந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. டின்னில் அடைத்து வரும் ரம் காக்டெயில் பற்றிக் கேளுங்கள். மருந்து, விசா, வீட்டுக் கடன் பற்றிக் கேட்க வேண்டாம். கேட்பவர் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

கேள்வி (பிளேனோ): கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். கலந்து கொடுக்கப் பொறுமை இல்லை. எந்த ரம் டின்னை வாங்குவது?

வாங்கும் முன் டின்னைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் தென்னை மரமும் கப்பலும் இருக்கும். உண்மை பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு: எதிலிருந்து வந்த ஆல்கஹால், எத்தனை சதவீதம்.

பக்கார்டியின் டின் காக்டெயில்கள் உண்மையான ரம்மில் செய்தவை, 5.9 சதவீதம். கோஸ்லிங்ஸின் டார்க் அண்ட் ஸ்டார்மி 7 சதவீதம். கட்வாட்டரின் மாய் டாய் 12.5 சதவீதம். மூன்றும் குளிர்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வலிமையோ ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்குக்கு மேலும் மாறும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 355 மில்லி டின்னில் 12.5 சதவீதம் என்றால் 44 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சதவீத ஓல்ட் மாங்க்கில் அதே அளவுக்கு நூறு மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டும். அதாவது ஒரே டின் அரை குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறது. அன்னாசி வாசனையில் அது நாக்குக்குத் தெரியாது. "ரெண்டு டின்தான்" என்று சொல்லிக்கொண்டே நண்பர் சோபாவில் சாய்ந்துவிடுவார்.

எட்டுப் பேருக்கு என்றால் என் தேர்வு டார்க் அண்ட் ஸ்டார்மி போன்ற இஞ்சி வகை. ரம்மும் இஞ்சி பீர் என்ற காரமான சோடாவும் சேர்ந்த பானம் டின்னில் அடைத்தாலும் கெடுவதில்லை. இஞ்சியைச் சூடுபடுத்தினாலும் காரம் கொஞ்சம் தங்கிவிடும்; சுக்குக் காபி குடிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மொஹிட்டோ அப்படியில்லை. அந்தப் பானத்தின் உயிரே அப்போது கசக்கிய புதினாவும் அப்போது பிழிந்த எலுமிச்சையும்தான். இரண்டும் டின்னுக்குள் வாழாது. எந்த நிறுவனத்தின் டின் மொஹிட்டோவை வாயில் வைத்தாலும் எனக்குப் பற்பசைதான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி (ஃபிரிஸ்கோ): ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடையில் ரம் பெயர் போட்ட டின் வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. மளிகைக்கடையிலேயே கிடைக்கும்போது உங்கள் கடைக்கு ஏன் வர வேண்டும்?

டெக்சாஸில் மளிகைக்கடை பீரும் ஒயினும் விற்கலாம்; காய்ச்சி வடித்த மது விற்க முடியாது. அதை விற்கும் எங்களைப் போன்ற கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்கவே கூடாது. ஆகவே ஞாயிறன்று மளிகைக்கடையில் நீங்கள் வாங்கிய டின்னில் ரம் இருக்க வழியே இல்லை. அது பெரும்பாலும் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லி ஊறலில் வந்த ஆல்கஹால், ரம் வாசனை சேர்த்தது. 2024இல் கேப்டன் மார்கன் ரம்மின் பெயரில் வந்த ஸ்லைஸ்டும் இந்த வகைதான். கப்பல் தலைவன் படம் உண்டு, ஆனால் அது மால்ட் பானம். அவர்கள் மறைக்கவில்லை, டின்னிலேயே இருக்கிறது. திருப்பிப் பார்க்காதது நாம். கலிபோர்னியாவில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மளிகைக்கடையிலேயே ரம் புட்டி கிடைக்கும்.

கேள்வி (இர்விங்): சுவை ஒன்றுதான், போதை ஒன்றுதான். ஆல்கஹால் பார்லியிலிருந்து வந்தால் என்ன, கரும்பிலிருந்து வந்தால் என்ன? வீண் ஜம்பம்.

வரியில் தொடங்குகிறேன், அதுதான் இதன் வேர். முழு விகிதத்தில் மத்திய அரசு பீருக்கு ஒரு பீப்பாய்க்கு 18 டாலர் வசூலிக்கிறது. காய்ச்சி வடித்த மதுவுக்கு ஒரு புரூஃப் கேலனுக்கு, அதாவது பாதி ஆல்கஹால் உள்ள ஒரு கேலனுக்கு, 13.50 டாலர். 5 சதவீதத்தில் 355 மில்லி டின் ஒன்றுக்குக் கணக்கிட்டால் மால்ட் டின்னுக்குச் சுமார் 5 சென்ட் வரி, ரம் டின்னுக்குச் சுமார் 13 சென்ட். மாநில வரியும் உரிமக் கட்டணமும் தனி. மால்ட் டின் மளிகைக்கடை, பெட்ரோல் பங்க் எங்கும் நுழையும். ரம் டின் எங்கள் கடையோடு நின்றுவிடும். மால்ட் வந்தது சுவைக்காக அல்ல.

6 சதவீதத்துக்கு மேல் போகாத மால்ட் பானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான ஆல்கஹால், 49 சதவீதம் வரை, வாசனைச் சாறுகளிலிருந்து வரலாம் என்றும் விதி உண்டு. குறைந்தது 51 சதவீதம் மால்ட் ஊறலிலிருந்து வந்தாக வேண்டும். நாக்கில் கடைசியாக நிற்கும் அந்த மாவுப் புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. உங்களுக்குத் தெரியவில்லை என்றால் சண்டை இல்லை. ஆனால் பார்லியில் குளூட்டன் இருக்கிறது. அது ஒவ்வாத ஒருவருக்கு "ரம்தானே, கரும்புதானே" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு ஜம்பம் என்று சொல்ல முடியுமா?

கேள்வி (மெக்கினி): எது நல்ல டின்?

முதல் பதில்.

கேள்வி (ஹூஸ்டன்): இர்விங் நண்பர் பக்கம் நான். ஊரில் விஸ்கி என்று குடித்ததெல்லாம் எதில் செய்தது? அப்போது வராத கோபம் இப்போது ஏன்?

அப்போதும் வந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

சரியான இடத்தில் கையை வைத்தீர்கள். இந்தியாவில் விலை குறைந்த விஸ்கியின் பெரும்பகுதி காலங்காலமாக மொலாசஸ் எரிசாராயத்தில் செய்ததுதான். இப்போது தானிய எரிசாராயமும் நிறையப் புழங்குகிறது. கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகை ஊறவைத்து, வாசனையே மிஞ்சாத அளவுக்கு வடித்து, கொஞ்சம் மால்ட், கொஞ்சம் நிறம் சேர்த்தால் விஸ்கி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்று விற்க முடியாது, அங்கே விஸ்கி தானியத்திலிருந்துதான் வர வேண்டும். ஆக, ஊரில் கரும்புக்கு விஸ்கி வேடம். இங்கே பார்லிக்கு ரம் வேடம். வேடிக்கைதான். ஆனால் ஒரு வேடத்தைக் காட்டி இன்னொரு வேடத்தை நியாயப்படுத்துகிறீர்களே!

கேள்வி (ஹூஸ்டன், மீண்டும்): அப்படியானால் இந்திய விஸ்கியே கிடையாது என்கிறீர்களா?

நான் சொன்னது விலை குறைந்த வகை. பெங்களூரின் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் விஸ்கிக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தது. அது பார்லி. திருப்பதிக்கே லட்டு கொண்டுபோன கதை, வென்றும் காட்டினார்கள்.

கேள்வி (இர்விங், மீண்டும்): பெயரில் என்ன இருக்கிறது? குடிப்பவனுக்குப் பிடித்தால் போதும்.

பெயரில் ஒன்றும் இல்லை என்றால் நீதிமன்றம் வரை போயிருக்க மாட்டார்கள். பக்கார்டி காக்டெயில் என்று கேட்பவருக்கு வேறு ரம்மை ஊற்றிக் கொடுக்கக் கூடாது என்று பக்கார்டி வழக்குப் போட்டது. 1936இல் நியூயார்க் நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. பெர்முடாவின் கோஸ்லிங்ஸ், டார்க் அண்ட் ஸ்டார்மி என்ற பெயரையே வணிகக் குறியாக வைத்திருக்கிறது. இன்னொரு நிறுவனம் தன் ரம்மோடு இஞ்சி பீர் கலந்து அந்தப் பெயரில் விற்க முடியாது. தங்கள் பெயருக்கு அவர்களே இவ்வளவு காவல் போடும்போது, காசு கொடுக்கும் நாம் ரம் என்ற ஒரு சொல்லுக்குக் காவல் போட்டால் ஜம்பமா?

இந்த வாதம் இங்கே முடிந்தது. வரிசையில் மற்றவர்கள் நிற்கிறார்கள்.

கேள்வி (ஆலன்): இரண்டு டின் குடித்துவிட்டு எவ்வளவு நேரம் கழித்துக் கார் ஓட்டலாம்?

ஓட்டாதீர்கள். இந்த நாட்டுக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் ஆல்கஹால், அதாவது 5 சதவீத பீர் ஒரு டின். 12.5 சதவீத டின் ஒன்றே இரண்டரை டிரிங்க். இரண்டு டின் ஐந்து. டின்னை எண்ணிக் கணக்குப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி (ராக்வால்): பினா கொலாடா டின்னைத் திறந்தால் மேலே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக மிதந்தது. கெட்டுவிட்டதா?

பினா கொலாடா என்பது ரம், தேங்காய், அன்னாசி சேர்ந்தது. மிதந்தது தேங்காய்க் கொழுப்பு. குளிரில் உறையும்; உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதில்லையா? போன மாதம் நானே ஒரு டின்னைக் குலுக்காமல் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். விளிம்பில் வெள்ளை வளையம், நடுவில் கலங்கிய மஞ்சள் தண்ணீர், அடியில் சர்க்கரை. அடுத்த டின்னைத் திறக்கும் முன் நாலைந்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். பாயசம் போல ஒன்றாக வந்தது. நுரைக்கும் டின்னை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், சட்டை நனையும்.

புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் 1954இல் கரீப் ஹில்டன் விடுதியில் ரமோன் மரேரோ பினா கொலாடாவை முதலில் கலக்கினார் என்பது அந்த விடுதி சொல்லும் வரலாறு. வேறு உரிமை கோருபவர்களும் உண்டு. 1978இல் புவேர்ட்டோ ரிக்கோ இதைத் தன் அதிகாரபூர்வ பானமாக அறிவித்தது. தேங்காய் தெரிந்த நமக்கு டின் தேங்காய் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கேள்வி (கேட்டி): மாய் டாயில் அன்னாசி இல்லை என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அவர் சொன்னது சரி. 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் மதுவிடுதிக்காரர் டிரேடர் விக் செய்ததாகச் சொல்லப்படும் கலவையில் ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் பாகு. அன்னாசி பின்னால் ஒட்டிக்கொண்டது. பாதாம் ஒவ்வாதவர்கள் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி (பிளேனோ): எது நல்ல டின் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

மேலே இருக்கிறது.

கேள்வி (லூயிஸ்வில்): சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைக்கலாமா?

மறந்தீர்கள் என்றால் வெடிக்கும். 5.9 சதவீதம் என்பது பெரும்பாலும் தண்ணீர். வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு பிடி உப்பு போட்டு டின்னை அமிழ்த்துங்கள். கால் மணி நேரம் போதும்.

கேள்வி (ஆஸ்டின்): சர்க்கரை இல்லாத ரம் டின் குடித்தால் உடம்பு ஏறாதுதானே? சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்.

பின் பாதியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், இன்றே கேளுங்கள். முன் பாதிக்கு: ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி. 12.5 சதவீத டின்னில் சர்க்கரையே இல்லாவிட்டாலும் ஆல்கஹாலில் மட்டும் 240க்கு மேல்.

கேள்வி (இர்விங், வேறொருவர்): ஊருக்கு எத்தனை டின் எடுத்துப் போகலாம்?

இந்தியச் சுங்க விதிப்படி வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர் மது. 355 மில்லியில் ஐந்து டின் போகும். ஆறாவது வரம்பைத் தாண்டும். கைப்பையில் முடியாது, பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் தண்ணீரைச் சுமப்பானேன்? அதே 2 லிட்டருக்கு நல்ல ரம் புட்டி இரண்டு வாங்கிப் போங்கள்.

கேள்வி (டென்டன்): மனைவி கார் ஓட்டுகிறாள், நான் பக்கத்து இருக்கையில் ஒரு டின்...

டெக்சாஸில் பயணிகள் பகுதியில் திறந்த டின் இருப்பதே குற்றம், யார் ஓட்டினாலும். கார் என்று வரும் கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை.

கேள்வி (கரோல்டன்): டின்னெல்லாம் எதற்கு? ஓல்ட் மாங்க்கும் கோலாவும் கலந்தால் மலிவாயிற்றே?

மலிவு, சுவையும் மேல். 45 மில்லி ரம், 150 மில்லி கோலா, எலுமிச்சைத் துண்டு. அது சுமார் 10 சதவீதம் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏரிக்கரைக்கும் மொட்டைமாடிக்கும் டின் வசதி, கண்ணாடி உடையாது. வீட்டில் இருக்கும்போது எனக்கும் டின் தேவைப்படுவதில்லை.

கேள்வி (ஃபிரிஸ்கோ, ஒரு மருமகள்): காரைக்குடியிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். வயது 71. விளம்பரத்தில் பார்த்துவிட்டு டின் ரம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். மருத்துவர் எப்போதாவது கொஞ்சம் பரவாயில்லை என்றிருக்கிறார். என்ன வாங்குவது?

இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் எனக்குப் பிடித்தது, அம்மா. இஞ்சி வகை ஒரு டின், ஒன்றே ஒன்று. டம்ளரில் ஐஸ் நிறையப் போட்டு அரை டின்னை ஊற்றுங்கள். எலுமிச்சையை அவர் எதிரிலேயே பிழியுங்கள். டின்னில் இல்லாதது அதுதான். கூடவே வறுத்த முந்திரி அல்லது சீப்புச் சீடை. முதல் வாயிலேயே "இது நம்ம இஞ்சி சோடாதானே" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். மீதி அரை டின்னை உங்கள் கணவருக்குக் கொடுங்கள், மூடி வைத்தால் நாளைக்கு நுரை இருக்காது.

இன்று சனிக்கிழமை என்பதை மறக்க வேண்டாம். எங்கள் கடை இரவு ஒன்பதுக்கு மூடும். பிறகு திங்கள் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும்.