பட்டகத்துக்கும் (prism) பிரமிடுக்கும் வித்தியாசத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

என் மகனுக்கும் இதே குழப்பம்தான். அடியில் சதுரம் இருந்தால் போதும், எல்லாம் அவனுக்குப் பிரமிடு. தீர்த்துவைத்தது நானில்லை, பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள்.

நாங்கள் கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அக்கா வீடு அந்தப் பக்கம், கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில். அவள் படிப்பது மலையாள வழி. பட்டகத்துக்கு அவர்கள் பாடத்தில் ஸ்தம்பம், பிரமிடுக்கு ஸ்தூபிகை. "தூண் கீழிருந்து மேல வரைக்கும் ஒரே பருமன்டா, அது ஸ்தம்பம். குறுகிக்கிட்டே போயி ஒரு புள்ளியில முடிஞ்சா ஸ்தூபி" என்றாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

அப்புறம் உருளை அங்கே வட்ட ஸ்தம்பம், கூம்பு வட்ட ஸ்தூபிகை என்றதும், "அப்ப கூம்பு பிரமிடுக்குச் சொந்தமாக்கா?" என்று கேட்டான். சொந்தம்தான். உருளை, கூம்பு என்று நாம் வைத்திருப்பவை நல்ல பெயர்கள். ஆனால் இந்த உறவு அவற்றில் தெரிவதில்லை.

முகம், விளிம்பு, முனையை மனப்பாடம் செய்யவிடாதீர்கள். அட்டையில் செய்து, எண்ணியதில் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சதுரப் பிரமிடில் 5, 8, 5 வரும். சதுரப் பட்டகத்தில் 6, 12, 8.

ஒரே அடி, ஒரே உயரம் என்றால் மூன்று பிரமிடு கொள்ளுவது ஒரு பட்டகத்துக்குச் சரியாக இருக்கும். இதை ரவை கொட்டிக் காட்டப்போய் நான் அசடு வழிந்தேன். அடி 10 செ.மீ., உயரம் 10 செ.மீ. என்று நான்கு முக்கோணம் வெட்டி ஒட்டி, அடியைத் திறந்தே விட்டிருந்தேன். பட்டகத்துக்கு அதே அடியில் ஒரு பெட்டியையும் 10 செ.மீ. உயரத்துக்குச் செய்தேன். மூன்று தடவை கவிழ்த்தும் பெட்டி நிறையவில்லை. இன்னும் கிட்டத்தட்ட அரைப் பிரமிடு ரவைக்கு இடம் இருந்தது. "மூணுன்னு சொன்னீங்க?" என்று பையன் முகத்தையே பார்க்கிறான்.

தப்பு என்னுடையது. 10 என்பது சாய்ந்த பக்கத்தின் உயரம். நிமிர்த்தி வைத்தால் பிரமிடு சுமார் 8.7 செ.மீ.தான் நிற்கும். கீசாவின் பெரிய பிரமிடுக்கும் இதே கதைதான்: கட்டியபோது நேர் உயரம் சுமார் 146 மீட்டர், பக்கத்தின் நடுவில் சாய்வாக அளந்தால் சுமார் 186.

ஆகவே முதலில் பிரமிடைச் செய்து மேசையில் வையுங்கள். நுனியில் ஒரு ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து, அது மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அந்த உயரத்துக்குப் பெட்டியை வெட்டுங்கள். இரண்டாம் முறை எங்களுக்கு மூன்றில் நிறைந்தது. அட்டை கொஞ்சம் உப்பியதால் ஒரு கரண்டி ரவை மிச்சம்.