சுருள் கேலக்ஸிகளின் நடுவே கரும்பொருள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கரும்பொருள் கேலக்ஸியின் ஓரங்களில் மட்டும்தான் இருக்கிறதா?

பதில்: இல்லை. ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் இந்தப் பொருளின் அடர்த்தி நடுவில்தான் அதிகம். ஆனால் அங்கே விண்மீன்கள் அதைவிட நெருக்கமாகக் குவிந்திருப்பதால் ஈர்ப்பில் அவற்றின் கையே ஓங்கியிருக்கும். வெளியே போகப் போக விண்மீன்கள் அருகிவிடும், கரும்பொருளின் பங்கு கூடும். 1970களில் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் கண்டது அதைத்தான்: மையத்திலிருந்து தொலைவு கூடியும் சுழற்சி வேகம் குறையவில்லை.

கேள்வி: நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியாதா?

பதில்: மொத்த நிறையைச் சுழற்சி வேகம் சொல்லிவிடும். அதில் விண்மீன், வாயு இவற்றின் நிறையைக் கழித்தால் மிஞ்சுவது கரும்பொருள். வம்பு அந்தக் கழித்தலில்தான். நாம் அளப்பது விண்மீன்களின் ஒளியை. நிறையைக் கணிக்கத்தான் வேண்டும். மங்கலான சிறு விண்மீன்கள் ஒளிக்குக் கொடுப்பது சொற்பம், நிறைக்குக் கொடுப்பது ஏராளம். அவற்றின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலே விடை வெகுவாக மாறிவிடும்.

விண்மீன் தட்டுக்கு (விண்மீன்கள் தட்டையாகப் பரவிச் சுழலும் பகுதி) முடிந்தவரை அதிக நிறை கொடுக்கும் மாதிரியில், தட்டின் ஈர்ப்பு உச்சத்தில் இருக்கும் இடத்தில், சுழற்சி வேகத்தில் சுமார் 85 சதவீதத்துக்குத் தட்டே போதும். ஈர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மற்றவற்றுக்கு மிஞ்சும் பங்கு 28 சதவீதம்தான். விண்மீன்களின் மேல்கீழ் அசைவை அளந்த ஆய்வுகள் தட்டின் நிறை இதைவிடக் குறைவு என்கின்றன. ஆனாலும் பெரிய, பிரகாசமான கேலக்ஸிகளில் முதல் மாதிரியே உண்மைக்கு அருகில் என்பது என் கருத்து. காரணம், பல கேலக்ஸிகளின் நடுவே விண்மீன்கள் நீளவாக்கில் திரண்டு சுழலும் ‘தண்டு’. சுற்றிலும் கரும்பொருள் அடர்ந்திருந்தால் அதன் ஈர்ப்பு இழுவையே தண்டின் வேகத்தைத் தணித்துவிடும் என்று 1998இல் ஆய்வாளர்கள் டெபாட்டிஸ்டாவும் செல்வுட்டும் காட்டினார்கள். அளந்து பார்த்த தண்டுகளில் பெரும்பாலானவை வேகமாகவே சுழல்கின்றன; அப்படியானால் அங்கே கரும்பொருள் அவ்வளவு அடர்ந்திருக்க முடியாது.

கேள்வி: மையக் கருந்துளையும் இந்தக் கணக்கில் சேருமா?

பதில்: சேராது. பால்வீதியின் மையக் கருந்துளை சுமார் 43 லட்சம் சூரிய நிறை. அதைச் சூழ்ந்து உப்பலாகத் திரண்ட விண்மீன் புடைப்போ 1,000 கோடி சூரிய நிறைக்கும் மேல். அதன் முன் கருந்துளை சொற்பம்.

கேள்வி: கணினி மாதிரிகளும் வானமும் ஒத்துப்போகவில்லை என்கிறார்களே?

பதில்: கரும்பொருளை மட்டும் வைத்துக் கணித்தால், மையத்தை நெருங்க நெருங்க அடர்த்தி செங்குத்தாக ஏறுகிறது. பல குறுங்கேலக்ஸிகளிலோ அது சமதளமாக இருக்கிறது. சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) வாயுவைத் திரும்பத் திரும்ப வெளியே வீசும்போது ஈர்ப்பு குலுங்கி, கரும்பொருளும் மையத்திலிருந்து விலகும் என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம். பெரிய சுருள் கேலக்ஸிகளில் எதிர் விளைவும் உண்டு: உள்ளே குவியும் வாயு கரும்பொருளையும் சேர்த்து இழுக்கும்.